உப்பளத்துப் பூச்சியும் வயல்காட்டுப் பூச்சியும்

மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை உப்பளங்களை ஊடறுத்துக்கொண்டு போகிறது. கோடையில் சாலையின் இரு பக்கமும் சதுரம் சதுரமாகப் பாத்திகள், வரப்போரம் குவித்த உப்பு, கண் கூசும் வெளிச்சம். ஒரு புல் கிடையாது. அங்கிருந்து திண்டிவனம் சாலையில் மேற்கே திரும்பிக் கொஞ்ச தூரம் போனால் பச்சை தொடங்கிவிடும். ஏரிப்பாசனத்தில் நெல், கிணற்றுப்பாசனத்தில் மல்லாட்டை என்னும் நிலக்கடலை, மணற்பாங்கான இடங்களில் தர்பூசணி, அதற்கப்பால் வரிசை பிசகாத சவுக்குத் தோப்பு. பூச்சி தின்னும் ஒரு பறவையின் வயிற்றை அளவுகோலாக வைத்து இந்த இரண்டு நிலங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். நிலத்தின் நிறத்தை நம்பி யார் இந்தக் கணக்கைப் போட்டாலும் விடை தப்பிப்போகும்.

முதலில் உப்பளம். கழிமுகத்திலிருந்து பாத்திக்குள் விடும் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். உப்பளக்காரர்கள் டிகிரிக் கணக்கில் சொன்னால் மூன்றரை. அந்த நீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு நகர நகர வெயிலில் வற்றி டிகிரி ஏறும். இருபத்தைந்தைத் தொடும்போது உப்பு படியத் தொடங்கும். இடைப்பட்ட ஒவ்வொரு பாத்தியும் தனித்தனி உலகம். நீர் நுழையும் முதல் பாத்திகளின் சேற்றில், கொசுவைப் போல இருந்தாலும் கடிக்காத ஒரு வகைப் பூச்சியின் சிவப்புப் புழுக்கள் நெளியும். கடல்நீரைவிட மூன்று நான்கு மடங்கு உப்பேறிய நடுப்பாத்திகளில் மீன் பிழைக்காது. மீன் இல்லாததால் அங்கே உப்புநீர் ஈக்களும் ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிறாலும் தடையில்லாமல் பெருகும். கரையோர ஈரத்தில் அந்த ஈக்கள் கரிய படலமாக ஒட்டிக்கிடக்கும். கடைசிப் பாத்தியில் உப்பும், சிவப்பு நிறமேற்றும் நுண்ணுயிர்களும் தவிர அநேகமாக வேறொன்றும் இராது.

உயிரினங்களின் வகை குறைவு, எண்ணிக்கை மிக அதிகம். உப்பளம் போடும் விருந்தின் இயல்பு அது. சைபீரியாவின் வடகோடித் தூந்திரத்தில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வரும் கொசு உள்ளானின் எடை 25 கிராம் அளவுதான். அந்தச் சிற்றுடல் திரும்பவும் அவ்வளவு தூரம் பறக்க வேண்டுமானால் பங்குனிக்குள் கொழுப்பு ஏற வேண்டும். கணுக்கால் நனையும் நீரில் நாளெல்லாம் குனிந்து கொத்துவதற்கு அதற்கு ஈப்புழுவும் நுண்ணிறாலும் வேண்டும். பக்கத்திலேயே நெடுங்கால் உள்ளான் இன்னும் கொஞ்சம் ஆழத்தில் மேயும். உப்புக்கொத்தி வரப்போரம் ஓடி ஓடி ஈ பிடிக்கும். மேலே தகைவிலான்கள் பறந்தபடியே வாய் திறந்து அள்ளும். இவற்றுக்கெல்லாம் ஏற்ற நீர்மட்டத்தை அமைத்துக் கொடுப்பவர், பறவையைப் பற்றி நினைத்தே பார்த்திராத ஓர் உப்பளத் தொழிலாளி. ஆவியாக வேண்டும் என்பதற்காகத்தான் அவர் நீரை மெல்லிய தகடாகப் பரப்புகிறார்.

ஒப்பீட்டின் மையம் இங்கேதான் இருக்கிறது. உப்பு விளைவிப்பவருக்கும் பூச்சிக்கும் எந்தப் பகையும் இல்லை. ஈ உப்பைத் தின்பதில்லை. ஆர்ட்டீமியா நீரிலுள்ள பாசியைத் தின்று தெளிய வைப்பதால் உப்பின் தரம் கூடுகிறது என்பதே உப்பளத் துறையின் அனுபவம். பூச்சியைக் கொல்வதற்காக ஒரு ரூபாய்கூட இங்கே செலவிட வேண்டியதில்லை. அதனால் பறவையின் இரை பிழைத்துக்கொள்கிறது. யாரும் கருணையோடு அதைக் காக்கவில்லை. அதை அழிப்பதில் யாருக்கும் ஆதாயம் இல்லை, அவ்வளவுதான்.

வயலுக்குப் போவோம். வகையைப் பார்த்தால் வயலோடு உப்பளம் போட்டியே போட முடியாது. வெட்டுக்கிளி, தத்துப்பூச்சி, வண்டு, அந்துப்பூச்சி, தும்பி, சிலந்தி, வரப்பு மண்ணில் பிள்ளைப்பூச்சி, சாணத்தில் சாணிவண்டு. இவற்றை நம்பி வாழும் பறவைகளும் வேறு. மின்கம்பியில் உட்கார்ந்து வாலை ஆட்டும் கரிச்சான், பனைமரத்திலிருந்து நீலச்சிறகு விரித்து இறங்கும் பனங்காடை, தும்பியைப் பறக்கும்போதே கவ்வும் பஞ்சுருட்டான், மாட்டின் காலடியிலும் இப்போது டிராக்டரின் பின்னாலும் நடக்கும் உண்ணிக்கொக்கு, பனையோலையில் கூடு ஒட்டும் பனை உழவாரன். சம்பா வயலில் தண்ணீர் நிற்கும்போது அதன்மேல் தாழப் பறந்து பூச்சி பொறுக்கும் மீசை ஆலாவையும் சேர்த்துக்கொள்ளலாம். தானியம் தின்னும் தூக்கணாங்குருவியும் சிட்டுக்குருவியும்கூடக் குஞ்சுக்கு ஊட்டுவது புழுவையும் பூச்சியையும்தான். கூட்டில் இருக்கும் சில வாரங்களில் அந்தப் புரதம் கிடைக்காவிட்டால், பிறகு களம் நிறைய நெல் கிடந்தும் பயனில்லை.

ஆனால் வயலில் ஒவ்வொரு பூச்சியும் ஒருவரின் நட்டக் கணக்கில் எழுதப்படுகிறது. 1960களின் நடுவில் ஐ.ஆர்.8 போன்ற குட்டை நெல் வகைகள் வந்தன. யூரியாவை ஏற்று அடர்ந்து தூர்கட்டும் பயிர் அது. அதன் இளந்தழையைத் தேடிக் குருத்துப்பூச்சியும் இலைச்சுருட்டுப்புழுவும் வந்தன, அவற்றைத் தேடி மருந்தும் வந்தது. அதன் பிறகு நடந்ததை நெல் அறிவியலே பதிவு செய்திருக்கிறது. பயிரின் தாளுக்குள் முட்டையிடும் புகையான் மருந்துக்குத் தப்பியது. அதைத் தின்னும் சிலந்தியும் நன்மை செய்யும் பிற பூச்சிகளும் மடிந்தன. மருந்து அடித்த வயலிலேயே புகையான் பன்மடங்காகப் பெருகிப் பயிரைக் கருக்கியது. இந்தோனேசியா 1986-ல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்ய இதுவே காரணம். அங்கே மருந்துச் செலவு குறைந்தது, விளைச்சல் விழவில்லை.

பறவைக்கு வரும் கேடு பெரும்பாலும் நேரடி நஞ்சாக வருவதில்லை. அப்படியும் நடந்திருக்கிறது. கார்போஃபியூரான் என்னும் பூச்சிமருந்தின் குருணையை விதையென்று கொத்திய பறவைகள் செத்து விழுந்ததால்தான் அமெரிக்கா 1990களில் அந்தக் குருணையின் பயன்பாட்டைப் பெருமளவு நிறுத்தியது. ஆனால் கண்ணில் படும் சாவைவிடப் பெரிது, கண்ணில் படாத பட்டினி. இங்கிலாந்தில் சாம்பல் கவுதாரியின் வீழ்ச்சிக்கு முதன்மைக் காரணம் நேரடி நஞ்சு அன்று. கோதுமை வயலில் களைக்கொல்லி தெளித்தார்கள், களைச்செடி போயிற்று, களைச்செடியில் வாழ்ந்த பூச்சி போயிற்று, அந்தப் பூச்சியை நம்பிப் பொரித்த கவுதாரிக் குஞ்சு பிழைக்கவில்லை. நெதர்லாந்தில் 2014-ல் வெளியான ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. வாய்க்கால் நீரில் இமிடாகுளோபிரிட் என்னும் பூச்சிமருந்து லிட்டருக்கு 20 நானோகிராமுக்கு மேல் இருந்த பகுதிகளில் பூச்சியுண்ணும் பறவைகள் ஆண்டுக்குச் சராசரியாக 3.5 சதவீதம் குறைந்தன. ஒரு நானோகிராம் என்பது கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. 2018-ல் ஐரோப்பிய ஒன்றியம் இமிடாகுளோபிரிட் உள்ளிட்ட மூன்று நியோநிக்கோட்டினாய்டு மருந்துகளைத் திறந்த வயலில் பயன்படுத்தத் தடை விதித்தது. நம் ஊர் மருந்துக்கடையில் இமிடாகுளோபிரிட் நெல்லுக்கும் மிளகாய்க்கும் பருத்திக்கும் சர்வசாதாரணமாக விற்கிறது.

ஐரோப்பாவின் 28 நாடுகளில், 20,000 இடங்களில், 170 பறவையினங்களை 37 ஆண்டுகள் கண்காணித்த தரவுகளை ஒன்றுசேர்த்து 2023-ல் ஓர் ஆய்வு வந்தது. பண்ணைநிலப் பறவைகள் பாதிக்கும் மேல், ஏறத்தாழ 57 சதவீதம், குறைந்திருந்தன. நகரமயம், காடு, வெப்பநிலை எல்லாவற்றையும் எடைபோட்ட அந்த ஆய்வு, முதற்காரணமாகத் தீவிர வேளாண்மையை, குறிப்பாகப் பூச்சிமருந்தையும் உரத்தையும், சுட்டியது. அடி அதிகம் விழுந்தது முதுகெலும்பற்ற உயிர்களைத் தின்னும் பறவைகளின் மேல். நம் நாட்டில் அதே ஆண்டு வந்த ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. நீண்டகாலப் போக்கைச் சொல்லுமளவுக்குத் தரவு கிடைத்த 338 இனங்களில் 60 சதவீதம் குறைந்திருக்கின்றன. பழமும் தேனும் உண்பவை தாக்குப்பிடிக்கின்றன, பூச்சியும் சிற்றுயிரும் உண்பவை சரிகின்றன என்பது அதன் முக்கியமான கண்டுபிடிப்புகளில் ஒன்று. பன்னிரண்டு ஆண்டுகளில் 30 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது என்று அது தனியே பெயர் சொல்லிக் கவலைப்பட்ட பறவை, நம் பனங்காடை. புலியையோ கழுகையோ போல அரிதான உயிர் அன்று அது. சாலையோரக் கம்பியில் நாம் பார்த்தும் பார்க்காமலும் கடந்துபோன பறவை. அதனால்தான் அந்த எண் என்னை உறுத்துகிறது.

பனங்காடைக்குப் பெரிய இரை வேண்டும். வெட்டுக்கிளி, வண்டு, சுவர்க்கோழி. உயரமான மரமும், கூடு வைக்கப் பட்டுப்போன பனையின் பொந்தும் வேண்டும். மல்லாட்டைக் கொல்லையில் சிவப்புக் கம்பளிப்புழுவுக்கும் புரோடீனியாப் புழுவுக்கும் அடிக்கும் மருந்து புழுவோடு வெட்டுக்கிளியையும் எடுத்துக்கொண்டு போகிறது. முன்பு சம்பா அறுத்த பிறகு நிலம் மாதக்கணக்கில் தரிசாகக் கிடக்கும். கோரையும் அருகும் மண்டும், ஆடுமாடு மேயும், சாணத்தில் வண்டு பெருகும். ஆழ்துளைக் கிணறு வந்தபின் அந்த ஓய்வு போயிற்று, அடுத்த பயிர் உடனே ஏறுகிறது. நிலம் சவுக்குக்கு மாறினால் மருந்து குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் அடியில் ஒரு செடியும் வளராத சருகு மெத்தையில் பனங்காடைக்கு என்ன இருக்கிறது? பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது நல்ல காரியம். மரம் நிற்கும். மரத்திலிருந்து இறங்கிப் பிடிக்க இரை இருக்க வேண்டுமே என்பது அடுத்த கேள்வி.

இத்தோடு நிறுத்தினால், வயல் கெட்டது, உப்பளம் நல்லது என்ற எளிய முடிவு கிடைக்கும். அது சரியில்லை. பனங்காடையால் உப்புநீர் ஈயைத் தின்று பிழைக்க முடியாது. பஞ்சுருட்டானுக்கு நுண்ணிறாலால் பயனில்லை. வயலில் இரை போனால் அந்தப் பறவைகளுக்கு உப்பளம் புகலிடம் ஆகாது. தகைவிலான் போன்ற சில பறவைகளே இரண்டு இடத்திலும் உண்ணக்கூடியவை. உப்பளம் என்றாலே பறவைக்கு நல்லது என்பதும் கிடையாது. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்குக் காலில் வளையமிட்டு ஆராய்ந்து வருகிறது. ஒரு காலத்தில் அங்கே திரண்ட கரைப்பறவைகள் பெரிதும் குறைந்துவிட்டன. பெரிய உப்புத் தொழிற்சாலைகள் சதுப்பின் நீரோட்டத்தையும் உப்பின் அளவையும் மாற்றியது அதற்கு ஒரு காரணம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. சிறு பாத்திகளில் கையால் வாரும் மரக்காணத்து முறையை அதோடு ஒன்றாக எண்ணக் கூடாது.

இரண்டு நிலங்களையும் பிரித்துப் பார்ப்பதிலேயே இன்னொரு பிழை இருக்கிறது. அவற்றைக் கட்டிப்போடுவது தண்ணீர். மேற்கே திண்டிவனம், வானூர் பக்கத்து நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல் வயலாக வழிந்து கழுவெளிக்கு வருகிறது. பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தமிழகத்தின் பெரிய உவர்நீர் ஏரி இது. கழுவெளி நிறைந்தால் உப்பங்கழி வழியாக இடையன்திட்டுக் கழிமுகத்தை அடைந்து கடலில் சேரும்.  உப்பளப் பாத்திகள் இந்தக் கழியோடு ஒட்டியவை.

காலத்தைப் பொருத்திப் பாருங்கள். உப்பு விளைச்சல் தை, மாசியில் தொடங்கிப் புரட்டாசியோடு முடிகிறது. சம்பா நெல் ஆவணி வாக்கில் தொடங்கித் தையில் அறுவடையாகிறது. ஆக, வயலில் குருணை போடுவதும் மருந்து அடிப்பதும் உச்சத்தில் இருக்கும் மாதங்கள், உப்பளம் ஓய்ந்து மழைநீரில் மூழ்கிக் கிடக்கும் மாதங்கள். வடக்கிலிருந்து உள்ளான்கள் வந்து இறங்கும் மாதங்களும் அவையே. களைத்து வரும் பறவைக்கு முதல் உணவு, உப்பு நீர்த்துப்போன அந்த ஆழமற்ற நீரின் புழுக்கள். நியோநிக்கோட்டினாய்டு மருந்துகள் நீரில் எளிதில் கரைந்து ஓடுபவை. நீர்ப்பூச்சிகளின் புழுக்கள் அவற்றுக்கு மிக எளிதில் பலியாகின்றன.

இதே அமைப்புள்ள ஓர் ஏரியின் வரலாறு ஜப்பானில் இருக்கிறது. ஷிமானே மாகாணத்தில் உள்ள ஷிஞ்சி ஏரியும் கடலோடு தொடர்புள்ள உவர்நீர் ஏரி, அதைச் சுற்றியும் நெல்வயல். 1993-ல் அங்கே வயல்களில் நியோநிக்கோட்டினாய்டு புழக்கத்துக்கு வந்தது. அந்த வசந்தத்திலேயே ஏரியின் மிதக்கும் நுண்விலங்குகளின் எடை 83 சதவீதம் சரிந்தது. ஆண்டுக்கு 240 டன் கிடைத்த ஸ்மெல்ட் மீன் 22 டன்னாகச் சுருங்கியது. விலாங்கு மீனும் குறைந்தது. மீனை யாரும் நஞ்சிட்டுக் கொல்லவில்லை, அதன் தீனி போயிற்று. இதைக் கண்டறிந்த ஆய்வு 2019-ல் வெளியானபோது ஜப்பானில் கால் நூற்றாண்டு கடந்துவிட்டிருந்தது. கழுவெளியின் கழியில் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அந்தத் தாமதம் நேரக் கூடாது. மழை மாதங்களில் ஏரியிலும் கழியிலும் பாத்தியிலும் நீர் எடுத்து, எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று சோதித்து, அதை ஊராருக்குத் தெரியும்படி அறிவிப்பது உடனே செய்யத்தக்க வேலை.

கழுவெளியின் 5,151 ஹெக்டேர் 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் தளமும் ஆயிற்று. இந்த அங்கீகாரத்துக்காகப் பலர் உழைத்திருக்கிறார்கள், அதன் மதிப்பு பெரிது. ஆனால் ஜெர்மனியின் கிரெஃபெல்ட் பூச்சியியல் சங்கத்தார் 63 இடங்களில் வலை கட்டி எடை போட்டபோது, 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் எடை முக்கால் பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. அந்த 63 இடங்களும் பாதுகாக்கப்பட்ட பகுதிகள். அவற்றைச் சுற்றி இருந்தவை பெரும்பாலும் பயிர்நிலங்கள். எல்லைக்கல் நட்டால் வேட்டைக்காரர் நிற்பார், ஆக்கிரமிப்பாளர் நிற்பார், வாய்க்கால் நீர் நிற்காது. கரிச்சானும் பனங்காடையும் எல்லைக்கல்லுக்கு வெளியே, யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் வாழ்கின்றன.

விவசாயியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்கு மனமில்லை. குத்தகைக்கு எடுத்த இரண்டு ஏக்கர், வட்டிக்கு வாங்கிய பணம், ஆலோசனை சொல்ல மருந்துக்கடைக்காரரைத் தவிர வேறு ஆள் கிடையாது. பக்கத்து வயலில் அடித்தால் இவரும் அடித்துத்தான் ஆக வேண்டும். குறைந்த செலவில் செய்யக்கூடியவை இல்லாமலும் இல்லை. நெல்வயலில் கம்பு நட்டுக் குறுக்கே குச்சி கட்டினால் கரிச்சான் வந்து உட்கார்ந்து புழு பொறுக்கும். பறவை தாங்கி என்று வேளாண் துறையே பரிந்துரைக்கிறது. குருத்து காய்ந்த தூர்கள் பத்து சதவீதத்தைத் தொட்ட பிறகே குருத்துப்பூச்சிக்கு மருந்து என்பதும் அவர்கள் வகுத்த அளவுதான். சீனா, வியட்நாம், தாய்லாந்து மூன்று நாடுகளிலும் நெல் வரப்பில் தேன் சுரக்கும் பூச்செடிகளை வளர்த்துப் பார்த்த ஆய்வு 2016-ல் வெளியானது. மருந்துப் பயன்பாடு 70 சதவீதம் குறைந்தது, விளைச்சல் 5 சதவீதம் கூடியது. நம் வரப்புகளில் இப்போது நடப்பது அதற்கு நேர்மாறு. களைக்கொல்லி அடித்து வரப்பையும் மொட்டையடிக்கிறோம்.

இந்த இடத்தில் உப்பளத்திலிருந்து வயலுக்கு ஒன்றைக் கடன் வாங்கலாம். மழைக்கால மாதங்களில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு 2022-ல் 5,000 ரூபாய் நிவாரணம் தரத் தொடங்கியது. ஆண்டில் மூன்று மாதம் அந்த நிலம் ஒன்றும் தராது என்பதை அரசு ஏற்றுக்கொண்டு, அந்த இடைவெளிக்குக் கைகொடுக்கிறது. தொகை போதாது என்பது வேறு விவாதம். வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் மூன்றடி அகலத்தை மருந்து படாமல் விட்டுவைக்கும் விவசாயிக்கு, அந்த மூன்றடியின் விளைச்சல் இழப்பை அரசு ஏன் ஈடுகட்டக் கூடாது? இங்கிலாந்தில் கவுதாரிக்காக இதைச் செய்கிறார்கள். கழுவெளியின் நீர்ப்பிடிப்பு ஊர்களில் தொடங்கிப் பார்க்க ராம்சர் தகுதியைவிடப் பொருத்தமான காரணம் வேண்டியதில்லை.

அதற்கு முன்னால் ஒரு வேலையைப் பறவை ஆர்வலர்களே செய்யலாம். தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பொதுமக்கள் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். மரக்காணம் பக்கம் வருபவர்கள் இயல்பாகவே பூநாரையைத் தேடிக் கழுவெளிக்கும் உப்பளத்துக்கும் போகிறார்கள். அவர்கள் அரைமணி நேரத்தை அனுமந்தை, கூனிமேடு பக்கத்து வயல்களுக்கும் ஒதுக்கி, கரிச்சான் எத்தனை, பனங்காடை எத்தனை, பஞ்சுருட்டான் எத்தனை என்று எழுதட்டும். நிலத்துக்காரரிடம் பேசி, என்ன பயிர், இந்தப் போகத்தில் எத்தனை முறை மருந்து, வரப்பில் புல் இருக்கிறதா என்பதையும் பக்கத்திலேயே குறிக்கட்டும். பத்துப் பொங்கலுக்கு அப்படி எழுதினால் உப்பளத்தையும் வயலையும் எண்களாலேயே எதிரெதிரே வைத்துப் பேச முடியும்.